நிற்கும் டிரெய்லரின் பின்விளக்கு

இருட்டிய பிறகு பொதுச்சாலையில் செல்லும் மோட்டார் வாகனத்தின் பின்புறச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுக்கின்றன. அவ்விதிகள் இயற்றப்பட்டபோது சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் தொடங்கி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. எண்ணூரில் துறைமுகம் என்ற ஒன்றே இல்லை. இன்றோ சென்னைத் துறைமுகம், 2001-இல் திறக்கப்பட்டு 2014-இல் காமராஜர் பெயர் சூட்டப்பெற்ற எண்ணூர்த் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் சரக்குப் பெட்டிகளும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், மணலி, ஆண்டார்குப்பம் வழியே இரவும் பகலும் நகர்கின்றன. நகர்கின்றன என்பதைவிட, பெரும்பொழுது நிற்கின்றன என்பதே பொருத்தம். ஓடும் வண்டியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதிகள், நிற்கும் வண்டிகளால் நிறைந்த ஒரு சாலைக்குப் போதுமானவையா என்பதே வடசென்னை இன்று எழுப்ப வேண்டிய கேள்வி.

கன்டெய்னர் லாரி என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று தனித்தனிப் பொருள்களின் சேர்க்கை. முன்னால் என்ஜினும் ஓட்டுநர் அறையும் கொண்ட இழுக்கும் வண்டி. அதன் முதுகில் முன்பாதியைச் சாய்த்து, பின்பாதியை மட்டும் தன் சொந்தச் சக்கரங்களில் தாங்கிவரும் செமி டிரெய்லர். அந்த டிரெய்லரின் மூலைகளில் உள்ள ட்விஸ்ட் லாக் எனப்படும் திருகுப் பூட்டுகளால் பிணைக்கப்பட்ட இருபதடி அல்லது நாற்பதடி இரும்புப் பெட்டி. இழுக்கும் வண்டி ஒருவருடையதாகவும் டிரெய்லர் வேறொருவருடையதாகவும் இருக்கலாம். பெட்டியோ பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்துக்கோ, பெட்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கோ சொந்தமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் அது வாகனத்தின் உறுப்பன்று, வெறும் சரக்கு. பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் கண்ணெதிரே சுவராக எழுந்து நிற்பது எட்டடி அகலமும் எட்டரை அடிக்குக் குறையாத உயரமும் கொண்ட அந்தச் சரக்கின் கதவுதான். சட்டம் கேட்கும் விளக்குகளும் ஒளிர் பட்டையும் அதற்குக் கீழே, டிரெய்லரின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் அடங்கிவிடுகின்றன.

அந்த விளக்குகளுக்கு மின்சாரம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். டிரெய்லருக்கென்று தனி பேட்டரி கிடையாது. இழுக்கும் வண்டியின் பின்புறத்திலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் ஒரு கம்பிவடம், டிரெய்லரின் நெற்றியில் உள்ள ஏழு பின் சாக்கெட்டில் செருகப்படுகிறது. வால்விளக்கு, பிரேக் விளக்கு, இடவல இண்டிகேட்டர்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஏழு பின்களே கதி. டிரெய்லரை மாற்றும்போதெல்லாம் அதைப் பிடுங்கிச் செருகுகிறார்கள். கடலை ஒட்டியே செல்லும் எண்ணூர் விரைவுச்சாலையில் உப்புக்காற்று அந்தப் பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பாகப் படிகிறது. ஒரு பின் தொடர்பு இழந்தால் ஒரு பக்கத்து விளக்கு அணையும், தரைத்தொடர்புப் பின் பழுதானால் பின்புறம் முழுவதுமே அணையும். ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து இதை அறிய முடியாது. முன்பு கிளீனர் ஒருவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துச் சொல்வார். கூலி கட்டாததால் கிளீனர் இல்லாமலே ஓடும் வண்டிகள் இப்போது மிகுந்துவிட்டன. தனி ஆளாக வண்டியைக் கொண்டுவரும் ஓட்டுநர், பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் சென்று தன் பிரேக் விளக்கைச் சரிபார்க்க வழியில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விதி 105, பின்புறச் சிவப்பு விளக்குகளோடு, பின்பக்கப் பதிவெண்ணை 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி வெள்ளை ஒளி பாய்ச்சவும் கோருகிறது. எந்த வண்டி இழுத்துச் செல்கிறதோ அதன் பதிவெண் டிரெய்லரிலும் காட்டப்பட வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு விதிக்கிறது. இன்று ஒரு டிரெய்லரையும் நாளை வேறொன்றையும் இழுக்கும் தொழிலில் எளிதில் கைவிடப்படுவதும், மோதிவிட்டுப் போன வண்டியைத் தேடும்போது பெரிதும் தேவைப்படுவதும் இதுவே. விதி 104, சிவப்புப் பிரதிபலிப்பான்களையும், சரக்கு வாகனங்களுக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என ஒளிர் பட்டைகளையும் கட்டாயமாக்குகிறது. விதி 109, பார்க்கிங் லைட் எனப்படும் நிறுத்து விளக்குகள் வாகனம் சாலையில் நிற்கும்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது.

இவற்றுக்கு இடையில் உள்ள விதி 107-தான் வடசென்னைக்கு மிக நெருக்கமானது. 2.1 மீட்டருக்கு மேல் அகலமான சரக்கு வாகனங்கள், டிரெய்லர்களும் செமி டிரெய்லர்களும் உட்பட, தம் பின்புறத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் சிவப்பு விளக்குகளைத் தாங்க வேண்டும் என்பது அவ்விதி. உயரத்தில் எரியும் அந்த இரு விளக்குகளுக்குத் திட்டவட்டமான பயன் உண்டு: இடையில் ஓர் ஆட்டோவோ காரோ புகுந்து கீழ்விளக்குகளை மறைத்தாலும் மேல்விளக்குகள் தெரியும், முன்னால் உள்ளது எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதையும் பின்னால் வருபவர் ஒரே பார்வையில் அளந்துகொள்ள முடியும். ஆனால் பின்புறத்தில் முழு உடற்கூடு இல்லாத சரக்கு வாகனங்களுக்குப் பின்பக்க மேல்விளக்கு தேவையில்லை என்று அதே விதி விலக்களிக்கிறது. கன்டெய்னர் டிரெய்லர் என்பது சட்டகமும் சக்கரமும் மட்டுமே கொண்ட வெற்று எலும்புக்கூடு; ஆகவே அது விலக்குக்குள் வந்துவிடுகிறது. வெறும் டிரெய்லராக ஓடும்போது இந்த விலக்கு நியாயமானது, ஏனெனில் விளக்கை மாட்ட அங்கே மூலையே இல்லை. பெட்டி ஏறியபின் அதே வண்டி இச்சாலையில் உள்ள எதையும்விட உயரமான, இருண்ட பின்புறம் உடையதாக மாறுகிறது. விலக்கு மட்டும் மாறாமல் தொடர்கிறது. அமெரிக்காவிலும், டிரெய்லரின் மேல் விளிம்பில் ஒட்ட வேண்டிய ஒளிர் பட்டையிலிருந்து கன்டெய்னர் சட்டகங்களுக்கு இதே போன்ற விலக்கு உண்டு என்பதால், இது இந்திய விதியாளர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. பெட்டியை வாகனமாகக் கருதாத எல்லாச் சட்டங்களிலும் இந்த இடைவெளி இருக்கவே செய்யும்.

துறைமுகத்துக்குப் பெட்டி போகும் வழி நீண்ட காலமாக அடைபட்டுக் கிடப்பதே இவ்வளவு டிரெய்லர்கள் சாலையில் நிற்பதற்குக் காரணம். எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம், குடியிருப்புகளை அகற்றுவதிலும் நிலம் எடுப்பதிலும் சிக்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மதுரவாயல்–துறைமுகம் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-இல் பணி நின்றது. ஈரடுக்குச் சாலையாகத் திருத்தப்பட்ட திட்டத்துக்கு 2022 மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த இடைக்காலம் முழுவதும் துறைமுக வாயிலில் தொடங்கும் வரிசை காசிமேட்டையும் திருவொற்றியூரையும் தாண்டி நீள்வதும், சில மணி நேரம் கரைவதும், மறுபடி நீள்வதும் இப்பகுதி மக்களின் அன்றாடம். வரிசையின் கடைசி வண்டி எங்கே நிற்கிறது என்பது மணிக்கு மணி மாறுகிறது. நேற்று இரவு வெறிச்சோடிக் கிடந்த வளைவில் இன்று இரவு ஒரு பெட்டியின் கதவு எதிர்ப்படும்.

அந்தச் சாலையைப் பயன்படுத்துபவர்கள் டிரெய்லர் ஓட்டுநர்கள் மட்டுமல்லர். விடியலுக்கு முன்பே நடக்கும் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு இருட்டோடு புறப்படும் பெண்களை ஏற்றிவரும் ஷேர் ஆட்டோக்களும், மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலும் எண்ணூர், அத்திப்பட்டு ஆலைகளிலும் இரவு ஷிஃப்ட் முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் தொழிலாளரும் அதில்தான் போகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு, புரிந்து, பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே 50 மீட்டருக்கு மேல் தேவை. எதிர்ச்சாரியில் வரும் லாரியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்ய, தன் பைக்கின் தாழ்ந்த ஒளியில் துருச்சிவப்பு நிறக் கதவொன்றை அந்தத் தொலைவிலேயே பிரித்தறிவது நல்ல கண்ணுக்கும் எளிதன்று. மோதியவர் கவனமில்லாமல் வந்தார் என்று சொல்வது எளிது. காண முடியாததைக் காணவில்லை என்பது கவனக்குறைவு ஆகாது.

உச்ச நீதிமன்றமும் இதே திசையில் சிந்தித்திருக்கிறது. நடுச்சாலையில் விளக்கோ எச்சரிக்கையோ இன்றி இரவில் நிறுத்தப்பட்டிருந்த எரிவாயு டேங்கர் லாரியின் மீது கார் மோதிய வழக்கில், காரை ஓட்டியவர் மீதும் பாதிப் பொறுப்பைச் சுமத்திய உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை அது 2018 பிப்ரவரியில் ஏற்க மறுத்தது. சட்ட மொழியில் பங்களிப்புக் கவனக்குறைவு எனப்படும் அந்த வாதம், அதாவது அடிபட்டவரும் விபத்துக்கு ஒரு பங்கு காரணம் என்ற வாதம், இழப்பீட்டைக் குறைக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக எடுப்பது. ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேறுவது என்பதே விபத்துக்குப் பிந்திய கதை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பின்னாலிருந்து மோதியவை. அவ்வாண்டு மாநிலங்களிலேயே மிகுதியாக 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தை 2012-இல் அணுகி, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு அமைய வழிவகுத்தவர் கோயம்புத்தூரின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் என்பதை இங்கே நினைவுகூரலாம். அறுவைச் சிகிச்சை மேசையில் நாள்தோறும் கண்டதை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் அவர்.

மின்சாரம் தேவைப்படாத பாதுகாப்பு ஒளிர் பட்டை. தன்மேல் விழும் வெளிச்சத்தைச் சிதறவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ அதன் உள்ளே இருக்கின்றன. ஆகையால் பின்னால் வருபவரின் விளக்கொளி அவர் கண்ணுக்கே திரும்புகிறது, டிரெய்லரின் மின்தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1993 டிசம்பர் முதல் தயாரான கனரக டிரெய்லர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவில், அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இருட்டில் டிரெய்லர்களின் பக்கத்திலும் பின்னாலும் நிகழும் மோதல்களைப் பட்டை 29 சதவீதம் குறைத்ததாகக் கண்டது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு வடசென்னைக்கென்றே எழுதியது போலிருக்கிறது: பட்டை சுத்தமாக இருந்தபோது பின்புற மோதல்கள் 53 சதவீதம் குறைந்தன, அழுக்கேறியிருந்தபோது 27 சதவீதம் மட்டுமே. நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் பறக்கும் எண்ணூர்ச் சாலையில், மழைச்சேறு தெறித்துக் காய்ந்த ஒரு பட்டையை விரலால் தேய்த்தால்தான் அது சிவப்பு என்பதே தெரியவரும். இத்தகைய பட்டைக்கு ஏ.ஐ.எஸ். 090 என்ற இந்தியத் தர வரையறை உண்டு. பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, அந்தத் தரத்துக்கு உட்பட்டதா, இன்னும் ஒளிர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் சோதனையின் பகுதியாக வேண்டும்.

சோதனை எப்போது நடக்கிறது என்பதில்தான் இன்றைய ஏற்பாட்டின் அடிப்படைக் குறை இருக்கிறது. சரக்கு வாகனம் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். மக்கள் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர் எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளரின் முன் அந்த ஒரு நாள் எல்லா விளக்கும் எரியும், பட்டையும் புதிதாக மின்னும். மறுவாரமே உப்புக்காற்றில் ஒரு பின் கறுத்துப்போனால் அடுத்த எஃப்.சி. வரை அதைக் கேட்பார் இல்லை. சாலையில் பிடிபட்டாலும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும், தனித் தண்டனை குறிப்பிடப்படாத முதல் குற்றத்துக்குப் பொது அபராதம் 500 ரூபாய்தான். நடையொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, வரிசையில் சோறு தண்ணீரின்றி இரவெல்லாம் காத்திருக்கும் ஓட்டுநரின் பையிலிருந்தே அதுவும் பல நேரம் போகிறது. டிரெய்லரின் உரிமையாளருக்கு அதனால் ஒரு வலியும் இல்லை.

ஒவ்வொரு டிரெய்லரும் ஒவ்வொரு நடையிலும் கடந்தே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது துறைமுகத்தின் வாயில். சி.எஃப்.எஸ். எனப்படும் பெட்டிச் சரக்கு நிலையங்களின் வாயில்களும் அப்படியே. அங்கே ஓட்டுநரின் அனுமதிச் சீட்டும், பெட்டி எண்ணும், பெட்டியின் முத்திரையும் பார்க்கப்படாமல் எந்த வண்டியும் உள்ளே போவதில்லை. கடல் பாதுகாப்புக்காக 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகம் முழுவதும் விதி வந்தபோது, அது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற குரல்கள் எழுந்தன. ஆனால் துறைமுகங்கள் அதற்குப் பழகிக்கொண்டன. கடல்வழி மோதல் தடுப்பு விதிகளும் இங்கே ஒப்புநோக்கத் தக்கவை. ஐம்பது மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் பின்விளக்கு மூன்று கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு அதற்கென்றே தனி விளக்குகள் உண்டு. நூறு மீட்டருக்குக் குறையாத கப்பலானால் மேல்தளத்தையும் ஒளியேற்ற வேண்டும். நிற்கும் கலம் ஓடும் கலத்தைவிடக் குறைந்த ஆபத்து உடையதன்று என்பது மாலுமிகள் நெடுங்காலமாக அறிந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூருக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதே கரையோரச் சாலையில் டிரெய்லருக்கு அடியில் போன பைக்குகளைப் பற்றி அத்தகைய விசாரணை ஒன்றும் நடப்பதில்லை.

ஆகவே சோதனையை ஆண்டுக்கொரு முறை அலுவலகத்தில் நடத்துவதோடு நில்லாமல், ஒவ்வொரு நடையிலும் வாயிலில் நடத்த வேண்டும். வரிசை இன்னும் நீளும் என்பது உடனே எழும் மறுப்பு. அது புறக்கணிக்கத்தக்க மறுப்பு அன்று. ஆயினும் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியின் பின்விளக்கை, அது வாயிலை அடையும் முன்பே நடந்துசென்று பார்த்துவிடலாம். பிரேக்கை ஒரு முறை மிதித்து, இடமும் வலமும் இண்டிகேட்டர் போட்டுக் காட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது, அதுவும் ஓட்டுநரால் தனியாகச் செய்ய முடியாத, அவரே வரவேற்கக்கூடிய உதவி. விளக்கு எரியாத வண்டியைத் திருப்பி அனுப்பினால் அது இருட்டோடு இன்னொரு முறை அதே சாலையில்தான் ஓடும். எனவே பல்பு, சாக்கெட், பட்டை ஆகியவற்றோடு ஒரு பழுதுபார்ப்புக் கடையை வாயிலுக்கு அருகே துறைமுகமே அமைத்து, செலவை டிரெய்லர் உரிமையாளரின் கணக்கில் எழுதுவதே முறை. கடைசிக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பொருத்தப்படும், தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் உயராமல் இருக்க வேண்டிய இரும்புத் தடுப்பு, அதாவது மோதும் வாகனம் அடியில் புகாமல் தடுக்கும் கம்பி, வளைந்தோ கழன்றோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விதி 107-இன் விலக்கைத் திருத்துவது மத்திய அரசின் கையில் உள்ளது. பெட்டி ஏற்றியிருக்கும்போது அதன் கதவின் மேல் மூலைகளில் கழற்றி மாட்டத்தக்க இரு சிவப்பு விளக்குகள் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெரும்பாலான கன்டெய்னர்களின் கதவு எஃகு என்பதால், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பேட்டரி விளக்குகளை மாட்ட எந்தத் துளையும் இட வேண்டியதில்லை. இவை தனி பேட்டரியில் எரிவதால் ஏழு பின் சாக்கெட்டின் கோளாறும் இவற்றைத் தொடாது. திருத்தம் வரும்வரை துறைமுகங்கள் இதைத் தம் நுழைவு நிபந்தனையாகவே வைக்கலாம்.

எஞ்சுவது, இழுக்கும் வண்டி கழன்றுபோன பின் சாலையோரத்தில் ஊன்றுகால்களில் நிறுத்திவைக்கப்படும் டிரெய்லர்கள். மின்சாரமே இல்லாத இவற்றால் விதி 109-இன்படி நிறுத்து விளக்கு எரிக்கவே முடியாது. ஆதலால் இரவில் பொதுச்சாலையில் இவை நிற்பதே விதிமீறல். பின்னால் இரண்டு கல்லும் ஒடித்த மரக்கிளையும் வைத்துவிட்டுப் போவது எச்சரிக்கை ஆகாது. அந்தக் கல்லே அடுத்த பைக்கைக் கவிழ்க்கும். வாகனத்தையோ டிரெய்லரையோ ஆபத்து விளையும் நிலையில் விட்டுச்செல்லக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. பத்து மணி நேரம் ஆளின்றி நிற்கும் வாகனத்தையும், போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்பதை உடனடியாகவும் அப்புறப்படுத்தும் அதிகாரத்தை 127-ஆவது பிரிவு சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்கு அளிக்கிறது. ஆனால் கார்களைத் தூக்கும் மீட்பு வண்டியால் நாற்பதடி டிரெய்லரை நகர்த்த முடியாது. அதற்கு இன்னொரு இழுக்கும் வண்டியே வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அப்படி ஒரு வண்டியை ஓட்டுநரோடு எர்ணாவூரிலும், இன்னொன்றை ஆண்டார்குப்பத்திலும் ஆயத்தமாக நிறுத்தி வைக்கும் செலவை மூன்று துறைமுகங்களும் சரக்கு நிலையங்களும் பகிர்ந்துகொள்ளட்டும். சென்னை, ஆவடி காவல் ஆணையரகங்கள் இரண்டும் அழைக்கும் ஒரே தொலைபேசி எண்ணோடு அது இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கப்பட வேண்டும்.